சுவர் வரைக்கும்

மார்ச் 3, திங்கள்

இன்று வந்த புதுப் பெண் கிளட்சை விட்ட விதத்தில் வண்டிக்கே விக்கல் எடுத்துவிட்டது. சந்து முனையிலிருந்து சுவரை அடைவதற்குள் எத்தனை முறை நின்றோமோ. என் பக்கத்துப் பிரேக்கில் கால் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் பயமில்லை. எங்கள் சந்தில் எதிரே எதுவும் வராது. கடைசியில் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடக்கும் மரக்கிடங்கு. புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் கிடையாது. ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு என் டிரைவிங் ஸ்கூல் ஓடுவது இந்த முட்டுச் சந்தின் தயவில்தான்.

திரும்பி வந்தால் மின்கம்பத்தில் நகராட்சி அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. மரக்கிடங்கு நிலத்தைத் தொழிற்பகுதியிலிருந்து வணிகப் பகுதியாக மாற்றப்போகிறார்களாம். அங்கே ஒரு கடை வளாகம் வருகிறது. வண்டிகள் உள்ளே வர வழி, எங்கள் சந்து. சுவரை இடித்துவிடுவார்கள். ஆட்சேபம் இருந்தால் பன்னிரண்டாம் தேதி நேரில் வந்து சொல்லலாம்.

இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

மார்ச் 5, புதன்

வார்டு கவுன்சிலரைப் போய்ப் பார்த்தேன். எங்கள் சந்தில் அவருக்குப் 'பாக்கலாம்' என்றுதான் பெயர்.

"மெயின் ரோட்டுப் பக்கமே வாசல் வைக்கலாமே?" என்றேன்.

"அங்க சிக்னல் இருக்குக்கா. மொத்தமா அடைச்சுக்கும்."

"அப்ப எங்க சந்து அடைச்சுக்கிட்டா பரவாயில்லையா?"

"பாக்கலாம்க்கா."

சுவரோடு பேசியிருந்தால் சுவராவது எதிரொலித்திருக்கும்.

சாயங்காலம் இவருக்குப் பயிற்சி. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவளுக்குக் கட்டிய கணவர் மட்டும் தேறவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர், மயிரிழை பிசகாத கை. ஆனால் ஸ்டியரிங்கில் அந்தக் கை நடுங்குகிறது. சுவர் வரை போவார், நிறுத்துவார், ரிவர்ஸில் வருவார். மெயின் ரோட்டுக்குத் திருப்பச் சொன்னால் கதவைத் திறந்து இறங்கிவிடுவார்.

"எதிர்ல சுவர் இருந்தா நிம்மதியா இருக்கு. எங்க நிக்கணும்னு தெரியுது" என்கிறார்.

தலையில் அடித்துக்கொண்டேன். என் தலையில்தான்.

மார்ச் 12, புதன்

நகராட்சிக் கூட்ட அறையில் மின்விசிறி சத்தம் போட்டது, காற்று வரவில்லை. வளாகம் கட்டப்போகிற கட்டடக்காரர் படம் போட்டுக் காட்டினார். படத்தில் எங்கள் சந்து முழுக்க மரங்கள், பலூன் வைத்த குழந்தைகள். ஒரு வண்டிகூட இல்லை.

போக்குவரத்துப் பிரிவு அதிகாரி சின்ன வயதுப் பெண். எழுந்ததுமே, "உங்க சந்துல வண்டி நடமாட்டம் ரொம்பக் கம்மி மேடம்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கம்மி, அதனால் இன்னும் எத்தனை வந்தாலும் தாங்கும், அப்படித்தானே?

"நான் ஒருத்தியே நாள் பூரா போயிட்டு வரேன். நீங்க எண்ணினது என்னைக்கு?"

ஞாயிற்றுக்கிழமையாம். விடுவேனா.

"மேடம், நான் சொல்றத முழுசா கேளுங்க. வண்டி கம்மியா இருந்தா அது உங்களுக்கு—"

"எங்களுக்கு என்னங்கிறது எங்களுக்குத் தெரியும்மா. ஒரு வேலை நாள்ல மறுபடி எண்ணுங்க."

பின்னாலிருந்து எங்கள் சந்துக்காரர்கள் கை தட்டினார்கள். அந்தப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். நகராட்சித் தலைவரும், சரி, மறுபடி எண்ணலாம் என்று சொல்லிவிட்டார்.

வெளியே கண்டக்டர் அண்ணன் என் தோளில் தட்டினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சந்துச் சங்கத் தலைவர். "போட்ட பாரு தங்கச்சி ஒரு போடு" என்றார். பஸ்ஸில் எல்லாரையும் உள்ளே தள்ளிப் போகச் சொன்ன அதே குரல்.

ராத்திரி சாப்பிடும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

சந்துக் கூட்டம், எங்கள் வீட்டு மாடியில். ஏப்ரல் எட்டாம் தேதி எண்ண வருகிறார்கள். சந்தின் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் போடுவார்களாம். சக்கரம் ஏறினால் பெட்டிக்குள் கணக்கு ஏறும்.

"யாரு வண்டின்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"குழாய்க்கு ஏது முகம்?" என்றார் கண்டக்டர் அண்ணன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை. என்னிடம் ஓட்டப் படித்தவர்களுக்கெல்லாம் போன் போட்டிருந்தேன். அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்! பால் வேன், காய்கறி வண்டி, கல்யாண வீட்டுக்குப் பந்தல் சாமான் ஏற்றுகிற லாரிகூட வந்தது. உள்ளே போக வேண்டியது, சுவரிடம் திரும்ப வேண்டியது, வெளியே வர வேண்டியது. குழாய் மேல் தடக் தடக்கென்று ஒரே சத்தம். சந்து முனையில் கண்டக்டர் அண்ணன் விசில் வைத்துக்கொண்டு, "போலாம் ரைட்" என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

இவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். வேடிக்கை பார்க்கத்தான். நான் சாவியைக் கையில் திணித்தேன்.

"இத்தனை வண்டிக்கு நடுவுலயா?"

"சுவர் இருக்குல்ல. போங்க."

போனார். முன்னால் லாரி, பின்னால் பால் வேன். வியர்த்துக் கொட்டியது. முதலில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் யாரோ கூப்பிட்டார்கள் என்று இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறார். என்னைத் தாண்டும்போது கையைக்கூட ஆட்டவில்லை. அவ்வளவு கவனம்.

ஏப்ரல் 9, புதன்

இடுப்பு விட்டுப்போச்சு. சிரிப்பு இன்னும் விடவில்லை.

மே 6, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாவது தடவை புரியாமல், மூன்றாவது தடவை ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து.

'மேற்படி சந்தில் வாகன நடமாட்டம் மிகுதியாக உள்ளதால், அது குடியிருப்புச் சந்து என்ற வகையிலிருந்து நீக்கப்பட்டு, இணைப்புச் சாலை என வகைப்படுத்தப்படுகிறது. இணைப்புச் சாலை வழியே வணிக வளாகத்துக்கு வாசல் அனுமதிக்கத் தடையில்லை.'

ஐயோ.

மே 7, புதன்

வகுப்பை ரத்து செய்துவிட்டு அந்த அதிகாரியிடம் போனேன்.

"முட்டுச் சந்தும்மா அது. எதை எதோட இணைக்குது?"

"இப்ப இணைக்கல மேடம். சுவர எடுத்தா இணைக்கும்."

எழுந்து வந்துவிட வேண்டும்போல் இருந்தது. அவளே மெதுவாகச் சொன்னாள்: "வண்டி கம்மியா இருந்தா அது குடியிருப்புச் சந்துதான். குடியிருப்புச் சந்து வழியா கடைகளுக்கு வாசல் தர விதியில்ல. அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை கணக்கு உங்களுக்குத்தான் சாதகமா இருந்துச்சு. நீங்க சொல்ல விடல."

அவள் முகத்தில் கேலி இல்லை. கொஞ்சம் கேலி செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நான்தான். வேறு யாருமில்லை, நானேதான். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் சுவர் நின்றிருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நாள் பூரா என்ன சொல்கிறேன்? முன்னால் முழுசாகப் பார்த்துவிட்டு ஹாரன் அடி என்கிறேன். நான் என்ன செய்தேன்?

மே 22, வியாழன்

இன்று நகராட்சி மன்றத்தில் முடிவு. உள்ளதைச் சொல்லிவிடுவது என்று போனேன். எழுந்து நின்றேன்.

"அன்னைக்கு ஓடினது எல்லாம் நாங்களே வேணும்னு ஓட்டினதுங்க. நிஜ வண்டி இல்ல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "கம்மின்னு சொன்னப்ப இல்லன்னீங்க. ஜாஸ்தின்னு சொன்னா அதுவும் இல்லங்கிறீங்க. எந்த நாள்மா நிஜம்?"

எல்லாரும் சிரித்தார்கள். கட்டடக்காரர்கூட நல்ல மனிதர்போல் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்கதான விசில் அடிச்சீங்க?"

கண்டக்டர் அண்ணன் எழுந்தார். எழுந்து, "வயசாச்சு தங்கச்சி. எந்த நாள்ல என்ன நடந்துச்சுன்னு..." என்று இழுத்து, உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டு முன்னறையைக் கடையாக மாற்றப் போன வாரம் ஆசாரி வந்து அளவெடுத்துப் போனதை இவர் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் அவர் வீட்டு வாசலில் போய்க் கத்தியிருப்பேன் என்று தெரியும்.

கை தூக்கச் சொன்னார்கள். 'பாக்கலாம்' கையைத் தூக்கினார். பார்க்கலாம் என்று சொல்லாமல் அவர் செய்த முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

மே 23, வெள்ளி

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

சுவரை இடித்தார்கள். இத்தனை வருஷமாக அதன்மேல் எத்தனை பம்பர் இடித்திருக்கும், அசைந்ததே இல்லை. மஞ்சள் இயந்திரம் ஒரு தள்ளு தள்ளியது, டீ குடிக்கிற நேரத்துக்குள் முடிந்தது. கீழ்வரிசைச் செங்கல்லில் என் மாணவர்களின் வண்டிப் பெயிண்ட் எல்லா நிறத்திலும் ஒட்டியிருந்தது. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. மண் வந்து விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கம்பி லாரி, ஜல்லி லாரி, சிமெண்ட் லாரி. சந்துக்குள் புது ஆளை உட்காரவைத்தால் பின்னாலேயே ஹாரன். மார்ச்சில் சேர்ந்த விக்கல் பெண் நடுச் சந்தில் வண்டியை விட்டு இறங்கி அழுதாள். "இனி வரலக்கா" என்றாள். அவளோடு சேர்த்து இந்த மாதம் எல்லாரும் நின்றாயிற்று.

தண்ணீர்த் தொட்டித் திடலில் கற்றுக்கொடுக்கலாமே என்று இவர் மறுபடியும் சொன்னார். எத்தனையாவது தடவையோ. காலையில் அங்கே யாரும் இல்லையாம், திடலைப் பார்த்துக்கொள்கிற காவலாளியிடம் பேசிவிட்டாராம்.

"தோத்துட்டு அங்க போய் ஒளியணுமா?" என்று கத்தினேன்.

இவர் தட்டை எடுத்துக் கழுவப் போனார்.

தூரம், அலைச்சல் என்று என்னென்னவோ காரணம் வைத்திருக்கிறேன். எல்லாம் சால்ஜாப்பு. ரோஷம்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காரை விற்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சிக்னலுக்கு வலது பக்கம் இருக்கிற பெரிய டிரைவிங் ஸ்கூல்காரர் எடுத்துக்கொள்கிறாராம். என் பக்கத்துப் பிரேக்கோடு அப்படியே வேண்டுமாம். அடுத்த ஞாயிறு கொண்டுவரச் சொன்னார்.

அக்டோபர் 5, ஞாயிறு

வண்டியைக் கழுவித் துடைத்தேன். கூரையில் இருந்த பலகையைக் கழற்ற மனம் வரவில்லை, அங்கே போய்க் கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாவியை எடுக்கப் போனால் இவர் கையில் இருக்கிறது.

"சுவர் வரைக்கும் நான் ஓட்டறேன்" என்றார்.

"சுவரு ஏது?"

"அது இருந்த இடம் வரைக்கும்."

சரி, கடைசித் தடவை என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். சீராகத்தான் ஓட்டினார். கண்டக்டர் அண்ணன் வீட்டு முன்னால் புது ஷட்டர், அதையும் தாண்டினோம். சுவர் இருந்த இடம் நெருங்கியது. எனக்குத் தெரியாமலே என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது.

"கால எடு" என்றார்.

எடுத்தேன்.

மறுபடி ஸ்டார்ட் செய்து, கிளட்சை மெதுவாக விட்டு, சுவர் இருந்த இடத்தைத் தாண்டி, புதுத் தார் போட்ட, வெளியே போகும் வழியில் வளைந்து மெயின் ரோட்டில் ஏறினார். கை நடுங்கியது. ஆனாலும் ஓட்டினார். சிக்னல் வந்தது.

"வலது பக்கம் திரும்பணும்" என்றேன்.

"தெரியும்" என்றார். பச்சை விழுந்ததும் நேரே போனார். நேரே போனால் தண்ணீர்த் தொட்டித் திடல்தான்.

நான் இந்தத் தடவை ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை.

திரும்பி வந்து விக்கல் பெண்ணுக்குப் போன் போட்டேன். நாளைக்குக் காலை திடலுக்கு வருகிறாளாம். அங்கே சுவர் இருக்கா அக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன்.