பதினொரு வீட்டிலும் 'இல்லை'

பிப். 9, திங்கள்
பனி. ஜீப் மலை ஏறவே பத்து மணி. ஒரு வாரமாக இங்கே கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாவு. பறவைக் காய்ச்சலாம். கால்நடை ஆட்கள் வெள்ளை உடுப்பில் வந்து மிச்சக் கோழிகளையும் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டினார்கள். மனுஷருக்கும் தொற்றலாம் என்று நர்ஸான என்னையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். திட்டு மொத்தமும் எனக்கு. குப்பு அக்கா மண்ணை வாரி வீசினாள். "ஊசி போட வந்தியா, எங்க வயித்துல அடிக்க வந்தியா?"
அவள் நாலு கோழியைப் பரணில் ஒளித்தது தெரியும். சொல்லவில்லை. பயம்.

பிப். 10
ஃபாரம். மொத்தமே பதினொரு வீடு. முதல் கேள்வி: செத்த கோழியைத் தொட்டீர்களா, சாப்பிட்டீர்களா? எல்லா வீட்டிலும் "இல்ல". ஒருத்தர்கூட மூஞ்சி கொடுத்துப் பேசவில்லை. நானும் கெஞ்சவில்லை. இல்லையென்றால் இல்லை, டிக்.
மெடிக்கல் ஆபீசர் (எம்.ஓ.) போனில்: "எல்லாம் 'நில்'தானே, ஒண்ணும் இல்லியே? குட்." குட்டாம்! மலையேறி வந்து பார்க்கட்டும்.
வாங்க: சோப்பு, கொசுவத்தி, டார்ச் செல். செருப்பு வார் அறுந்தது.

பிப். 11
குப்புவின் மருமகள் வள்ளிக்குக் காய்ச்சல், இருமல். எட்டு மாதக் கர்ப்பிணி. ஃபாரத்தில் 'இல்லை' இருக்கிறதே, சளியாகத்தான் இருக்கும். பாரசிட்டமால் கொடுத்தேன். குப்பு எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. போகட்டும்.

பிப். 12
வள்ளிக்கு மூச்சு இழுப்பு. ஓடினேன். கொல்லையில் கோழி றெக்கை.
"கோழி அறுத்தீங்களா?"
குப்பு: "ஆமா. போன வாரம் சீக்கு வந்து தூங்கி விழுந்துச்சி, அறுத்தோம். வள்ளிதான் றெக்கை பிடுங்குனா."
"செத்த கோழி திங்கலன்னு சொன்னியே!"
"செத்தத எவ திம்பா? நாங்க இன்னா நாயா, நரியா? சாவறதுக்கு முன்னாடியே அறுத்துடுவோம். எல்லா வூட்லயும் அப்பிடித்தான்."
ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதுதான் தப்பு. எங்கள் ஊர் கணியம்பாடியில் என் அம்மாவும் தூங்குகிற கோழியை இப்படித்தான் அறுப்பாள். தெரிந்தும் தோன்றவில்லை, மட்டி. ஃபாரம் அடித்தவனும் மட்டி.
ஜீப்பில் வள்ளியையும் குப்புவையும் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். 'சீக்குக் கோழி கையாண்டவர், தனியே வைக்கவும்' என்று டாக்டருக்குச் சீட்டு எழுதிக் குப்பு கையில் கொடுத்தேன். வள்ளி என் கையை விடவில்லை. "அக்கா, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" ஜீப் கதவைச் சாத்தினேன்.

பிப். 13
வெயில். மறுபடி வீடு வீடாக. தூங்குன கோழி அறுத்தீங்களா? ஆமா. ஆமா. ஒன்பது வீட்டில் ஆமா. மூன்று பேருக்குக் காய்ச்சல். எம்.ஓ. போன் எடுக்கவில்லை.
நாலு மணிக்குக் குப்பு போன்.
"டாக்டரு கேட்டாரு, செத்த கோழி தின்னீங்களான்னு. இல்லன்னுட்டேன்."
"நான் குடுத்த சீட்டு?"
"கிழிச்சிட்டேன். அதக் குடுத்தா பரண் மேல இருக்கறதையும் வந்து பொதைப்பீங்க."
"வள்ளிய எங்க வச்சிருக்காங்க?"
"பிரசவ வார்டுல. சுத்தி எல்லாம் பச்சப் புள்ளைங்க. அழுதுகினே கெடக்குதுங்க, இவளுக்குத் தூக்கமே இல்ல."
டாக்டரிடம் போனைக் கொடு என்று கத்தினேன். வைத்துவிட்டாள்.