கழுவும் முறை

மார்ச் 3, திங்கள்

வேண்டிய அளவு வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இங்கேயாவது எழுதுகிறேன்.

இந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு இருபத்திரண்டு வருடம். சோதனைக் குழாயை எப்படிப் பிடிப்பது என்று என்னிடம் கற்றுக்கொண்டவள் இன்று எனக்கு மேலதிகாரி. கூடத்தில் அவளுக்குச் 'சின்ன மேடம்' என்று பெயர். பெரிய மேடம் என்று யாரும் கிடையாது.

வந்ததும் இரண்டு ஏற்பாடு. குழாய் கழுவும் வேலை இனி எல்லோருக்கும் முறை வைத்து, வியாழன் அவளுக்கு. அடுத்தது, வாசலருகே ஒரு பலகை. தவறு செய்தவர் அதை ஒரு சீட்டில் எழுதிக் குத்த வேண்டும். "பேர் போட வேணாம். யாருன்னு நான் கேட்கவும் மாட்டேன். என்ன தப்புன்னு தெரிஞ்சா போதும்" என்றாள்.

கேட்கமாட்டாளாம். ஆறே பேர் இருக்கும் இடத்தில் கையெழுத்து தெரியாதா?

மார்ச் 5, புதன்

பலகை காலி. எல்லோருக்கும் மூளை இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

முதல் சீட்டு. அவளே எழுதியது: 'நேற்று இரண்டு புட்டிகளுக்கு லேபிள் மாற்றி ஒட்ட இருந்தேன்.' நாடகம். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு தொட்டியருகே நின்று கழுவினாள். அதிகாரி என்றால் அதிகாரியாக இரு. இல்லை, எங்களில் ஒருத்தியாக இரு. இரண்டு நாற்காலியிலும் உட்கார நினைக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

மனைவியிடம் சொன்னேன். "கழுவலைன்னா திமிருங்கறீங்க, கழுவினா நடிப்புங்கறீங்க. அந்தப் பொண்ணு எங்கதான் போகும்?"

என் வீட்டிலேயே அவளுக்கு ஆள் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

மாதிரிப் புட்டிகளை ஓட்டுநர் நேரம் கடந்து கொண்டுவந்ததால் ஒரு சோதனை வீண். தலைமை அலுவலகம் போனில் பிடித்துக்கொண்டது. "என் பொறுப்புதான் சார்" என்றாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே. நாங்கள் கேட்கவேண்டும் என்றுதானே? ஓட்டுநர் உருகிப்போய்விட்டார். ஆள் சேர்க்கிறாள்.

மார்ச் 12, புதன்

குண்டூசியும் அவளும் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேச்சு. (குண்டூசி எங்கள் டெக்னீஷியன்; உடம்பு அப்படி.) நடையில் நின்று பார்த்தேன். 'சார்' என்று காதில் விழுந்தது. அங்கே சார் என்றால் நான்தான்.

மார்ச் 13, வியாழன்

எப்படி எழுதுவது.

மாதிரி எண் 417, ஒரு பள்ளிக்கூடத்துத் தொட்டித் தண்ணீர். குழாய்களை இரண்டு நாள் சூட்டில் வைத்து இரண்டு நாளும் பார்க்கவேண்டும். குமிழி தெரிந்தால் கிருமிச் சந்தேகம், மறுசோதனை. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் நேற்று. பார்க்கவேண்டிய நேரத்தில் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழாயைத் தொடக்கூட இல்லை.

இன்று காலை கழுவப்போகும் கூடையில் அதே குழாய்கள். இரண்டில் குமிழி.

இன்று அவள் முறை.

கூடையைத் தூக்கி, கிருமி கொல்லும் ஆவிப்பெட்டியில் வைத்து எடுத்து, நானே கழுவிவிட்டேன். முடிக்கும்போது வந்து நின்றாள்.

"என்ன சார், இன்னைக்கு என் முறையாச்சே?"

"சும்மாதான்மா. உங்களுக்கு வேலை இருக்குமேன்னு."

சாயங்காலம் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: "யாரும் சொல்லாமலே சார் கை கொடுத்தாரு. நான் கேட்டது இதைத்தான்." குண்டூசி கைதட்டினான்.

தெரிந்துகொண்டே குத்துகிறாளா? தெரியாமல் சொன்னாளா? எது மோசம்?

மார்ச் 14, வெள்ளி

குண்டூசியிடம் மெல்ல விசாரித்தேன், அன்றைக்கு உள்ளே என்ன பேச்சு என்று. "அதுவா சார்? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், லீவு கேட்டேன். என் வேலைய யாரு பாப்பாங்கன்னேன். அதான் சார் இருக்காரே, அவர் பாத்தா நான் பாத்த மாதிரின்னாங்க."

அவர் பார்த்தால்.

மதியம் பள்ளிக்கு அறிக்கை கொடுத்துவிட்டு ஓட்டுநர் வந்தார். "ரிப்போர்ட் சுத்தமா இருக்குன்னு ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு. திங்கக்கிழமை தொட்டியத் திறக்கறாங்க. பிள்ளைங்க இனிமே வீட்லேர்ந்து பாட்டில் தூக்க வேணாம்."

மார்ச் 15, சனி

மனைவி கொடுத்த தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். "அதுலயும் சந்தேகமா?" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

அவளிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? திட்டினால் பொறுத்துக்கொள்வேன். திட்டமாட்டாள். போனை எடுத்து 'என் பொறுப்புதான் சார்' என்பாள். கதவு திறந்தே இருக்கும். அதுதான் தாங்காது.

சொல்லாமல் இருந்தால்? முந்நூறு பிள்ளைகள்.

தொட்டியில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இருக்கலாம் என்று எழுதுவதற்காகவா இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கினேன்?

மார்ச் 17, திங்கள், காலை ஆறு மணி

பள்ளி ஒன்பதுக்கு. அவள் ஏழரைக்கு வருவாள், எப்போதும் முதல் ஆள். ஏழுக்கே நான் அங்கே இருக்கவேண்டும்.

சீட்டு எழுதியாயிற்று:

'மாதிரி 417. இரண்டாம் நாள் குழாய்களைப் பார்க்காமலே "இல்லை" என்று எழுதினேன். இரண்டில் குமிழி இருந்தது. தொட்டியைத் திறக்கவேண்டாம் என்று பள்ளிக்கு உடனே சொல்லவும். மறுபடி மாதிரி எடுக்கவும்.'

பலகையில் குத்தினால் பார்க்காமல் போய்விடுவாளோ? அவள் நாற்காலி முதுகிலேயே குத்திவிடுகிறேன்.

கீழே பெயர் போடவில்லை. வேண்டாம் என்று அவள்தானே சொன்னாள். பதிவேட்டில் 417-க்கு எதிரே யார் கையெழுத்து என்று பார்க்க அவளுக்கு அரை நிமிடம் ஆகாது. யாருன்னு கேட்கமாட்டேன் என்றாளே. பார்ப்போம்.

குத்திவிட்டு வெளியே போய்விடுவேன். நான் எட்டரைக்கு உள்ளே வருவேன். வழக்கமான நேரம்தான்.