கிட்டங்கிச் சுவரில் ஒரு வாசல்

தூத்துக்குடி
14.9.1976

அன்பு மகன் பொன்னுதுரைக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் அப்பாவும் இன்பமணியும் நானும் சுகமாயிருக்கிறோம், பிலாயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என்று நம்புகிறேன். ஸ்டேஷன் பக்கம் என்று வாங்கிய வீடு இப்படி ஆகிவிட்டதே, விற்றுவிட்டு நாசரேத்துக்கே போய்விடுங்கள் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. மொட்டைமாடியில் நின்றால் ரயில் தெரியும், ஆனால் நடுவே வன்னியபெருமாள் அண்ணாச்சியின் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிச் சுவர், அதைச் சுற்றிப் போக அரைமணி நேரம். மணியாச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலை வண்டியை உன் தங்கை ஜூலையில் மட்டும் மூன்று தடவை விட்டுவிட்டாள். இனிமேலும் பிந்தினால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். பிள்ளை அழுதது எனக்குப் பொறுக்கவில்லை, நேரே அண்ணாச்சியிடம் போய் நடக்க மட்டும் ஒரு வழி கேட்டேன். "வழி விட்டா ஊர் மாடெல்லாம் உள்ள வந்துரும்மா, எஞ் சரக்க யாரு பாக்கது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஒரே ஒரு நாள் எங்களோடு ஸ்டேஷனுக்கு நடந்து வாருங்கள், பிறகு கேட்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வருவார் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் குடையோடு வாசலில் நிற்கிறார். கனத்த உடம்பு, பாதி வழியில் ஓடைப் பாலத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்நேரம் பார்த்து வண்டி ஊதியது, இன்பமணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி எப்படியோ ஏறிவிட்டாள். "இந்தப் புள்ள தெனமும் இப்பிடித்தான் ஓடுதாளா?" என்று கேட்டார். அடுத்த வாரம் கொத்தனார் வந்து, ஆள் நுழையலாம் மாடு நுழைய முடியாது என்கிற அளவுக்கு ஒரு வாசல் வைத்தார். இப்போது ஸ்டேஷன் நாலு நிமிஷம்தான். துறைமுகத்து வேலைக்காரர்களும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். அண்ணாச்சியே பாதையோரம் டீக்கடை, தையல்கடை, பலசரக்குக்கடை என்று மூன்று கடை கட்டிவிட்டார், "இத்தன பேரு நடப்பாவன்னு தெரிஞ்சா முந்தியே இடிச்சிருப்பேனே" என்கிறார். மழை பெய்தால் சகதிதான், அதற்கும் சரள் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா வீடு விற்கிற பேச்சையே எடுப்பதில்லை. சாயங்கால வண்டி வருகிற நேரம் அந்த வாசலில் போய் நின்று இன்பமணியின் பையை வாங்கிக்கொண்டு வருகிறார். கேட்டால் டீ குடிக்கப் போனேன் என்பார், அவர் டீயைத் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியாதா?

கிறிஸ்துமஸுக்கு வரும்போது ரிக்‌ஷா பேசாதே, நடந்தே வா. தங்கைக்குத் தனியாக இரண்டு வரி எழுது, மறந்துவிடாதே. நீ போகிற இடமெல்லாம் ஆண்டவர் உனக்குத் துணை நிற்பாராக.

உன் பிரியமுள்ள அம்மா,
அற்புதமணி