அரை மணி நேரம் ஊறட்டும்

மே 22, வியாழக்கிழமை, காலை 11 மணி 20 நிமிடம். இதுவரை முயன்றது எட்டு முறை, ஜெயித்தது பூஜ்யம்.

அன்பு மகள் நட்டுவுக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, வீட்டுக்குத்தான் உடம்பு சரியில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். நீயும் அம்மாவும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் அம்மா இதற்குள் போன் செய்து என்னை ஒரு பிடி பிடித்திருப்பாள். உன் இருமல் போய்விட்டதா, புதுக் கண்ணாடி மூக்கில் நிற்கிறதா இல்லை பழையபடி வழுக்கிக்கொண்டு உதட்டுக்கு வருகிறதா, இரண்டுக்கும் பதில் எழுது. போனில் நாம் இரண்டு பேரும் 'ம்', 'சரி', 'வெச்சிடறேன்' என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம், அதனால் இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட நிபந்தனை நல்ல நிபந்தனை. ஆனால் பன்னிரண்டு வயதுக்கு உன் கடிதம் எங்கள் கம்பெனி மேனேஜர் அனுப்புகிற மெமோ மாதிரி இருக்கிறது. மொத்தம் ஆறு வரி. ஐந்து வரியில் பரீட்சை முடிந்தது, லீவு விட்டாச்சு, அம்மாவுக்கு ஆபீஸில் வேலை அதிகம் என்று எழுதிவிட்டு ஆறாவது வரியில், "பாத்ரூம் சரியா இருக்காப்பா? உண்மையச் சொல்லு. அதப் பாத்துட்டுதான் லீவுக்கு வர்றதா வேணாமான்னு திங்கக்கிழமைக்குள்ள அம்மாகிட்ட சொல்லணும்" என்று கேட்டிருக்கிறாய்.

உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நேற்று காலையில் காபியை வைத்துக்கொண்டு, 'பாத்ரூம் முழுக்கச் சரியாக இருக்கிறது, தைரியமாக வா' என்று முதல் வரி எழுதினேன். பேனாவை மூடி வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போனேன். திரும்பி வந்து அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஃப்ளஷ்ஷை இழுத்ததும் தண்ணீர் கீழே போவதற்குப் பதிலாக மேலே வந்தது நட்டு, வட்டம் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல், விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்று என்னைப் பார்த்தது. படித்தவன் அப்போது என்ன செய்ய வேண்டும், டேங்குக்குப் போகிற வால்வை மூட வேண்டும். நான் இன்னொரு தரம் இழுத்தேன். அது முதல் முயற்சி. அந்த இரண்டு விரல் இடைவெளியும் போய், மிதியடி, வாளி, உன் பழைய மஞ்சள் செருப்பு எல்லாம் நனைந்தன. செருப்பைக் கழுவிக் காயவைத்துவிட்டேன், அது பத்திரம்.

பிளம்பருக்குப் போன் செய்தேன். போன தடவை அவர் வாஷ்பேசின் மாட்டும்போது நான் பக்கத்தில் நின்று ரசமட்டம் வைத்துக் காட்டி, மூன்று மில்லிமீட்டர் சாய்வு என்று சொன்னது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. "நீங்கதான் இன்ஜினியராச்சே சார், நீங்களே அளந்து நீங்களே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள், திங்கட்கிழமைக்கு அப்புறம்தான் வர முடியும் என்கிறார். திங்கட்கிழமை நீ அம்மாவிடம் பதில் சொல்கிற நாள். கடையில் ரப்பர் கப் வைத்த குச்சி கேட்டால் ஸ்டாக் இல்லை, வரச் சொல்லியிருக்கிறோம் என்கிறார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் தள்ளுகிற பம்பை ரிப்பேர் செய்கிறவன், சொந்த வீட்டில் ஒரு வாளித் தண்ணீரை நாலு அங்குலக் குழாய்க்குள் அனுப்ப முடியாமல் நிற்கிறேன். நேற்று முழுக்க கம்பெனியிலும் பெட்ரோல் பங்கிலும் சமாளித்தேன். பெட்ரோல் பங்க்காரர் மூன்றாவது தரம் பார்த்துவிட்டு, "வண்டிக்குப் பெட்ரோலே போடமாட்டீங்களா சார்?" என்றார். இன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறேன்.

வீட்டில் இருப்பதை வைத்தே எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் அரை டம்ளர் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டில் ஒரு வாளி வெந்நீரை இடுப்பு உயரத்திலிருந்து ஊற்றினேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது, கோப்பை விரிசல் விட்டுவிடும், இதை நீ ஞாபகம் வைத்துக்கொள், எங்கே இருந்தாலும் உதவும். நாலு நிமிடம் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. சமையல் சோடாவும் வினிகரும் போட்டேன், உன் ஸ்கூல் எரிமலை மாதிரி நுரை பொங்கியது, ஐந்து நிமிடத்தில் எரிமலை அடங்கியது, அடைப்பு அப்படியே. கம்பி ஹேங்கரை நிமிர்த்தி நுனியில் துணி சுற்றி உள்ளே விட்டேன், வளைவு வரைக்கும் போனது, அதற்கப்புறம் போகமாட்டேன் என்றது. இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிப் பம்பு மாதிரி அழுத்தினேன், பாட்டில்தான் நசுங்கியது. தரை துடைக்கிற மாப்பின் தலையில் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி அழுத்தினேன், ஒரு குத்துக்கு என் சட்டை, அடுத்த குத்துக்குக் கண்ணாடி, மூன்றாவது குத்துக்குக் கூரை. சத்தம் கேட்டு மாடி வீட்டு அக்கா இறங்கி வந்து வாசலில் நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன தம்பி, உள்ள யாரையாவது போட்டு அடிக்கிறீங்களா?" என்றாள். செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். "எல்லாம் சரிதான், எதை அஞ்சு நிமிஷத்துக்கு மேல விட்டீங்க? சோப்பையும் சுடுதண்ணியையும் ஊத்திட்டு அரை மணி நேரம் தொடாம இருங்க. ஊறட்டும். உங்களால முடியாது, அதனால வெளிய வந்து வேற எதையாவது பண்ணுங்க" என்றாள். அவளே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பதினொன்று ஐம்பதுக்கு முன்னால் கதவைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு ஹாலில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். எனக்குக் காவல். அந்த வேறு எதையாவதுதான் இந்தக் கடிதம்.

இன்று ஒரு மணிக்குத் தபால் எடுப்பார்கள். அதில் போட்டால்தான் சனிக்கிழமை உன் கைக்கு வரும். ஒரு மணிக்குள் இது திறக்க வேண்டும் நட்டு. நீ எதற்காக இந்தக் கேள்வி கேட்டாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன லீவில் பத்து நாள் இருக்கிறேன் என்று வந்த நீ மூன்றாம் நாள் 'அம்மா ஞாபகமா இருக்கு' என்று கிளம்பிவிட்டாய். அதற்கு முதல் நாள் இதே மாதிரி அடைத்துக்கொண்டது. நான் வாசலில் நின்று, அக்காவும் மாடிப்படியில் நிற்கும்போது, டாய்லெட் பேப்பர் எவ்வளவு போடணும்னு கூடவா தெரியாது, இது குப்பைத்தொட்டியா என்று கத்தினேன். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாய். அப்போது நான் சொன்னது சரி என்றுதான் இந்த ஐந்து மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மணி ஆகிவிட்டது என்கிறாள், இரு வருகிறேன்.

12 மணி 15 நிமிடம். முயற்சி பத்து. முதலில் நல்ல செய்தி, ஒன்பதாவதில் திறந்துவிட்டது. மாப்பை முதலில் மெதுவாக அழுத்தி உள்ளிருந்த காற்றை வெளியே விட்டேன், பிறகு அதை வெளியே எடுக்காமலேயே இருபது தரம் இழுத்து இழுத்துத் தள்ளினேன். அடியில் களக் என்று ஒரு சத்தம், தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் அக்கா பட்டாணியைக் கொட்டிவிட்டாள். வால்வைத் திறந்து, டேங்க் நிரம்பட்டும் என்று நின்று, இழுத்துப் பார்த்தேன். தண்ணீர் சோம்பேறித்தனமாக ஒரு சுற்று சுற்றி, பாதி ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி அடைப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வினிகர் நெடியால் என்று அக்காவிடம் சொன்னேன். அங்கேயே வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இந்த வீட்டில் இப்போது குழந்தையும் இல்லை, பேப்பரும் இல்லை, நான் ஒருத்தன்தான், அப்புறம் எதுதான் அடைக்குது என்று கத்தினேன்.

அக்கா சிதறிய பட்டாணியைப் பொறுக்கித் தட்டில் போட்டாள். அப்புறம் சொன்னாள். "தம்பி, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. பாப்பா இங்க இருந்தப்ப காலையில எங்க வீட்டுக்குத்தான் ஏறி வரும். பாத்ரூம் போயிட்டு, சத்தம் இல்லாம இறங்கிப் போயிடும். ஏன்டி உங்க வீட்டுல என்னன்னு கேட்டேன். எங்கப்பா டேங்க்குள்ள பாட்டில் போட்டு வெச்சிருக்காரு அத்தை, தண்ணி பத்தல, சொன்னா கணக்கு சொல்லுவாருன்னுச்சு." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

நீ வந்த முதல் நாள் சாயங்காலமே என்னிடமும் சொன்னாய். தண்ணி பத்தலப்பா என்றாய். நான் உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் பாத்ரூம் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிக் காட்டினேன். டேங்க் பத்து லிட்டர், உள்ளே இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு, மீதி ஆறு, ஆறு லிட்டர் தாராளம், தண்ணீர் மிச்சம் என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன். அந்தக் கணக்கு இன்னும் கதவில் இருக்கிறது. இன்றைக்குத்தான் டேங்க் மூடியைத் திறந்தேன், பாட்டில் போட்ட நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஒரு பாட்டில் சாய்ந்து விழுந்து, மிதவைக் கம்பிக்கு அடியில் மாட்டி அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. டேங்க் பாதிகூட நிரம்புவதற்கு முன்னால் மிதவை மேலே போகிற மாதிரி ஆகி, தண்ணீர் நின்றுவிடுகிறது. ஒரு லிட்டர் ஜக்கை வைத்து அளந்தேன். மூன்று ஜக், கொஞ்சம் கூட. மூன்று லிட்டர் எதையும் தள்ளாது, எந்தப் பம்புக்காரனைக் கேட்டாலும் சொல்வான். அப்படியானால் எனக்கு மட்டும் எப்படி இத்தனை மாதம் ஓடியது என்று யோசித்தேன். நான் எப்போதும் இரண்டு தரம் இழுப்பேன் நட்டு. கை பழகிவிட்டது, நான் கவனிக்கவே இல்லை. இரண்டு தரம் இழுத்துவிட்டு ஆறு லிட்டர் போதும் என்று கதவில் எழுதியிருக்கிறேன். நேற்று அதுவும் போதாமல் போய்விட்டது. நீ ஒரு தரம்தான் இழுத்தாய், ஏனென்றால் ஒரு தரம் போதும் என்று உனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவன் நான். கம்பெனியில் எவனாவது அளக்காமல் மிஷின் மேல் பழி போட்டால் அவனை நான் என்ன பாடு படுத்துவேன் தெரியுமா. உன் பேரில் எந்தத் தப்பும் இல்லை. ஒரு துண்டுப் பேப்பர் அளவுகூட இல்லை. உன்னைப் பார்த்துக் கத்தியது தப்பு, அக்கா முன்னால் கத்தியது அதைவிடப் பெரிய தப்பு. அப்பாவை மன்னித்துவிடு. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு தரம் அடித்து எழுதியிருக்கிறேன், மேலே பார், கறுப்பாக இருக்கும்.

இரண்டாவது தடவையாகச் சோப்பும் வெந்நீரும் ஊற்றி ஊற வைத்திருக்கிறேன், பன்னிரண்டு நாற்பத்தைந்து வரை தொடமாட்டேன். அதற்குள் கடிதத்தை முடித்தாக வேண்டும், திறந்ததா இல்லையா என்று பார்த்து எழுதினால் தபால் போய்விடும். அதனால் நீ கேட்டதற்கு இந்த நிமிடத்துப் பதில்தான் என்னால் தர முடியும். பாத்ரூம் சரியாக இல்லை. வர வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் அம்மாவிடம் தைரியமாகச் சொல், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், நானே ரயிலேறி அங்கே வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன். வா என்று கெஞ்ச எனக்கு ஆசைதான். ஆனால் நீ உண்மையைத்தான் கேட்டாய். நன்றாகச் சாப்பிடு, இருமலுக்கு மருந்தை நடுவில் நிறுத்தாதே, அம்மாவுக்கு ஆபீஸ் வேலை அதிகம் என்றால் பாத்திரமாவது கழுவிக் கொடு. எங்கே இருந்தாலும் நீ நல்ல ஆரோக்கியத்தோடு, யாருக்கும் பயப்படாமல், முக்கியமாக எனக்குப் பயப்படாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. 12.45-க்கு மாப்பு. முதலில் மெதுவாக, பிறகு இருபது தரம். திறக்கவில்லை என்றால் மறுபடி அரை மணி நேரம் ஊறும், நானும் உட்கார்ந்திருப்பேன்.

2. பாட்டில் இரண்டையும் வெளியே எடுத்தாயிற்று, மேஜையில் என் எதிரே நிற்கின்றன. டேங்க் முழுசாக நிரம்பியதும் ஒரு தரம் மட்டும் இழுத்துப் பார்ப்பேன். ஒரே தரம். அப்படிப் பத்து முறை.

3. அதிலும் தோற்றால் பிளம்பருக்குப் போன். ரசமட்டத்துக்காக மன்னிப்புக் கேட்பேன். அவர் வேலை செய்யும்போது மொட்டை மாடியில் இருப்பேன்.

4. அக்கா இன்னும் ஹாலில்தான் இருக்கிறாள். அன்றைக்கு நான் நின்ற அதே வாசலில் நின்று, தப்பு பாப்பாவுடையது இல்லை, என்னுடையது என்று சொல்வேன். மெதுவாக இல்லை, அன்றைக்குக் கத்திய அளவுக்குச் சத்தமாக.

5. கதவில் இருக்கிற கணக்கை அழிப்பேன். மார்க்கர் போகவில்லை என்றால் கதவுக்குப் பெயின்ட்.

6. நீ எப்போது வந்தாலும், தண்ணி பத்தலப்பா என்று நீ சொன்னால், வாயைத் திறப்பதற்கு முன்னால் டேங்கைத் திறப்பேன்.

உன் அப்பா