நீங்கள் வரைந்த கட்டம்

மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் போன வியாழக்கிழமை ஐந்தாறு காகிதங்களோடு இறங்கி வந்தாள். அப்போதுதான் கலரில் பிரிண்ட் எடுத்தவை போலிருக்கிறது, மை வாசனை போகவில்லை. எல்லாம் கடற்கரைப் படங்கள். பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், மணலில் இரண்டே இரண்டு நாற்காலி. அவளுக்குக் கல்யாணமாகி நாலு மாதமாகிறது, இப்போதுதான் இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்திருக்கிறதாம்.

"அந்தமானா, கோவாவா, கோவளமான்னு ஒரே குழப்பம் ஆன்ட்டி. நீங்க எதுன்னாலும் கட்டம் போட்டு எழுதிப் பாத்துத்தான் முடிவு பண்ணுவீங்களாமே. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றாள்.

"முதல்ல சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றினேன். அந்த இரண்டு நாற்காலிகளை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் சொன்ன அதே மூன்று ஊரையும் நீங்களும் நானும் இதே கூடத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோமே, அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

நம் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வருஷம் அது, இரண்டாயிரத்து ஒன்பது. அவளும் மாப்பிள்ளையும் ஊட்டிக்குப் போய்த் திரும்பி, அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று இருந்தது. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு, "அவுங்க மட்டும்தான் போகணுமா? நாமளும் போவோம். கடலா இருக்கற ஊரா பாரு" என்றீர்கள். சுனாமிக்குப் பிறகு கடல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் நான். "கடலுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? திருப்பாதிரிப்புலியூர்ல எங்கம்மா வீட்டுலேருந்து ஆட்டோ ஏறினா கடல்தானே" என்றேன். "பாத்த கடலையே எத்தனை தடவ பாக்குறது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். காது மடல் சிவந்திருந்ததைக் கவனித்தேன். இருபத்து மூன்று வருஷத்தில் நாம் இரண்டு பேர் மட்டுமாக எங்கும் போனதே இல்லை. கோயில் குளம் என்று போனாலும் பின்னால் ஒரு வேன் ஆள் வரும்.

நான் எட்டாவதோடு நின்றவள். பெண்ணின் பழைய அட்லஸைப் பிரித்து வைத்துக்கொண்டு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ஊர், போய்ச் சேர ஆகும் நேரம், சைவச் சாப்பாடு கிடைக்குமா, பக்கத்தில் கோயில், கடலில் இறங்க நல்ல நாள். அமாவாசை, பௌர்ணமி இல்லாத நாளில் கடலைத் தொடக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், அதனால் பஞ்சாங்கமும் பக்கத்தில் இருந்தது. நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"ஏம்மா, நாம ஊரு சுத்தப் போறமா, திவசம் குடுக்கப் போறமா?"

பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி, ஓரத்தில் இன்னொரு கோடு இழுத்தீர்கள். ஸ்கேல் இல்லாமல் இழுத்ததால் கீழே போகப் போகக் கோணலாகிவிட்டது. மேலே 'தெரிஞ்சவங்க?' என்று எழுதி, "இதையும் பாரு, முக்கியம்" என்று சொல்லிவிட்டு உங்கள் ஜவுளிக்கடைக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மொழி தெரியாத ஊரில் நமக்கென்று ஒரு மனுஷர் வேண்டாமா? கோவாவில் யாரும் இல்லை, பெருக்கல் குறி போட்டேன். கோவளம், பெருக்கல். அந்தமான், கேட்கவே வேண்டாம். கன்னியாகுமரி என்று எழுதியதும் உங்கள் பெரியப்பா மகன் வேலை மாற்றலில் நாகர்கோவிலில் இருப்பது ஞாபகம் வந்தது. அந்தக் கட்டத்தில் மட்டும் டிக் போட்டு, அழுத்தம் போதாதென்று இன்னொரு டிக்கும் போட்டேன். மத்தியானமே போனும் பண்ணிவிட்டேன்.

சாயங்காலம் நீங்கள் சட்டையைக் கழற்றுவதற்குள் சொன்னேன். "கன்னியாகுமரிதான். உங்க அண்ணன் வீட்டுலயே தங்கிக்கலாம். அண்ணி மாடி ரூமை ஒழிச்சு வைக்கறேன்னாங்க."

ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றீர்கள். "போன் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"சரி. நல்லதாப் போச்சு" என்றீர்கள். நானும் நல்லது என்றே நினைத்துக்கொண்டேன்.

அங்கே மாடி ரூமில் பெண்கள் படுத்தோம், கூடத்தில் ஆண்கள். சூரியோதயம் பார்க்க வேனில் பதினோரு பேர் போனோம். அண்ணி இட்லிப் பொட்டலங்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வரிசையின் அந்தக் கோடியில் நீங்கள், இந்தக் கோடியில் நான். "ஏம்ப்பா, மகளைக் கட்டிக் குடுத்தப்புறம் பொண்டாட்டிய கூட்டிக்கிட்டு கடலுக்கு வந்திருக்கியே, என்ன விசேஷம்?" என்று உங்கள் அண்ணன் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். சிரித்து முடித்தபோது நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நடுவில் இருந்த ஒன்பது தலைகளையும் தாண்டிப் பார்த்தீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'இன்னும் ரெண்டு இட்லி வேணுமா' என்று சைகையில் கேட்டேன்.

திரும்பும்போது விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறினோம். புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் பஸ் மெதுவாகப் போனது. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"அந்தக் கட்டத்துல நான் கேட்டது வேற."

"எந்தக் கட்டத்துல?"

"தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு. இருந்தா அந்த ஊரு வேணாம்னு எழுதினேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கடை வாசலப் பாத்து வாங்க வாங்கன்னு சொல்லியே காலம் போவுது. ஒரு நாலு நாளு யாரையும் வாங்கன்னு சொல்லாம உன் பக்கத்துல உக்காந்திருக்கலாம்னு பாத்தேன்" என்றீர்கள்.

எனக்கு அழுகைதான் வந்தது, வெளியே வரும்போது அது கோபமாக வந்தது. "அதைத் தெளிவா எழுதினா என்ன?"

"பொண்டாட்டிகிட்ட அதையெல்லாம் எப்படிம்மா தெளிவா எழுதறது? விடு. அடுத்த வருஷம் அந்தமானுக்குப் போவோம். அங்க நம்மள யாருன்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

அடுத்த வருஷம் பங்குனியில் ஒரு காலை, கடைக்குக் கிளம்பிச் செருப்பில் கால் நுழைத்தவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தீர்கள். நான் தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதன் பிறகுதான் உங்கள் கட்டம் எனக்கு முழுசாகப் புரிந்தது. சிதம்பரத்தில் நாலு வீதியிலும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். எதிரே வருகிறவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். தலையைச் சாய்த்து, "என்ன பண்றது, நம்ம கையிலயா இருக்கு" என்கிறார்கள். கோயிலில் நோயாளிக்கு விடுவதுபோல் வழி விடுகிறார்கள். ஜாக்கெட் துணி எடுக்க உங்கள் கடைக்குப் போனால், சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் முகத்தை மாற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, நல்ல மனசுதான். ஆனால் நான் தெருவில் இறங்கினால் எனக்கு முன்னால் உங்கள் சாவு நடந்து போகிறது. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வீட்டுக்கு வந்தால், இங்கே பேசுவதற்கு ஆளில்லை.

சனிக்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "கட்டமெல்லாம் வேணாம். எந்த ஊருல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருமே இல்லியோ அங்க போங்க."

"அப்படின்னா அந்தமான்தான். உடம்பு கிடம்பு சரியில்லாம போனா என்ன ஆன்ட்டி பண்றது?"

"டாக்டர் இருப்பாரு. அவரு உனக்குச் சொந்தக்காரரா இருக்கணும்னு இல்ல."

விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குச் சொன்ன யோசனை என்னையும் விடவில்லை. நேற்று, திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிச் சாமியார்பேட்டைக் கடற்கரைக்குப் போனேன். கடலூரில் அம்மா வீட்டுப் பக்கம் பாதித் தெருவுக்கு என்னைத் தெரியும் என்பதால் அங்கே போகவில்லை. வெயில் நேரம், மணலில் ஆளே இல்லை. சவுக்கு நிழலில் ஒரு பெண் நுங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேருக்கும்மா?"

"ரெண்டு பேருக்கு" என்று வந்துவிட்டது.

"ஐயா எங்க?"

"அப்படியே நடந்துட்டு வரேன்னு போயிருக்காரு."

"இந்த வெயில்லயா? கூப்பிடுங்கம்மா."

"சொன்னா கேக்க மாட்டாரு. எதையும் தெளிவாவும் சொல்ல மாட்டாரு."

"எங்கூட்டுக்காரரும் இதே கதைதான், போங்க" என்று அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவள் ஆரம்பித்தாள். நானும் ஆரம்பித்தேன். கோடு கோணலாகப் போடுவது, காது சிவப்பது, பஞ்சாங்கத்தைக் கேலி பேசுவது என்று உங்களைப் பற்றி அரைமணி நேரம் குறை சொன்னேன். ஓரிடத்தில்கூட 'இருந்தாரு' என்று சொல்லவில்லை. 'இருக்காரு' என்றே சொன்னேன். அவள் தலையைச் சாய்க்கவில்லை, நடுநடுவே கரையோரம் எட்டிப் பார்த்து, "இன்னும் காணமே" என்று உங்களைத் திட்டினாள். இரண்டு பேர் நுங்கையும் நானே தின்றேன்.

சாமியிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. இன்று காலை நடராஜர் சன்னதியில் நின்று, நேற்று பொய் சொன்னேன் என்று சொன்னேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.