பேனர் போர்த்திய மூன்று டிரம்

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து மழை. விட்டு விட்டு. மொட்டைமாடியில் டிரம் மூன்றும் வைத்தாயிற்று. கம்பெனியில் கழித்துப் போட்ட நீல டிரம்கள். இரண்டு முறை கழுவியது. படிக்கட்டு அறையின் கூரையிலிருந்து வரும் குழாய் நேராக அவற்றுக்குள்.

மார்கழி முடியும் வரை வீட்டில் நடக்க வேண்டியவை:
— கீசர் கிடையாது. வெயில் உள்ள நாள் குடத்தை மாடியில் வைப்பது. இல்லாத நாள் அடுப்பில் ஒரு சொம்பு, விளாவிக்கொள்ள.
— துணி துவைக்க, தரை துடைக்க மழைத் தண்ணீர் மட்டும்.
— கொசுவத்தி, கொசு மிஷின் இரண்டும் வேண்டாம். வலை போதும்.
— ஆரஞ்சுத் தோல் எறியக் கூடாது. (பாத்திரம் தேய்க்க.)
— பிளாஸ்டிக் கவர் வீட்டுக்குள் வரக் கூடாது. யார் கொண்டு வந்தாலும்.

முதல் விதி என் வீட்டுக்காரர் பாஸ்கருக்காக. இன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டு கீசர் போட்டார். சுவிட்சின் சிவப்பு விளக்கு வெளியே தெரியும் என்பது பன்னிரண்டு வருஷமாகியும் அவருக்குத் தெரியவில்லை.

டிரம்மை மூட ஒன்றும் அகப்படவில்லை. கீழ் வீட்டுத் தேவகி ஒரு பேனர் கொண்டுவந்தாள். அவள் மகள் ஜனனியின் காதுகுத்துக்கு மண்டபத்து வாசலில் கட்டியது. ஆள் உயரத்துக்கு ஜனனியின் முகம், சுற்றி மாமன்மார் தலைகள்.

"தூக்கிப் போட மனசு வரலக்கா. புள்ள மூஞ்சி கீதே. நீ வச்சிக்கோ."

குழாய் நுனியை உள்ளே விட்டு, மூன்று டிரம்முக்கும் சேர்த்து ஒரே போர்வையாகப் போர்த்திவிட்டேன். ஓரம் கட்ட, எங்கள் மதிலை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஏழுமலை பழைய டியூப்பைக் கீற்றாக வெட்டிக் கொடுத்தார். புதிதாக எதுவும் வாங்கவில்லை. பெருமையாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்ல, இதில் எழுதுகிறேன்.

நவம்பர் 17, திங்கள்

இரண்டாம் ஷிப்ட். காலையில் வீட்டில்தான். மழை இல்லை, மூட்டம் மட்டும்.

கொசுப்புழு பார்க்கிற பெண் வந்தார், கையில் டார்ச். மாடிக்கு அழைத்துப்போய் பேனரின் முன் ஓரத்தை நானே தூக்கிப் பிடித்தேன். மூன்று டிரம்முக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அடி வரை தெளிவு.

"கள்ளிக்குப்பத்துல இவ்ளோ நீட்டா மூடி வச்ச வீடு இது ஒண்ணுதான் மேடம்."

வாசலில் மாட்டியிருக்கும் அட்டையில் தேதி, கையெழுத்து. கம்பெனிக்குப் போகும் திருமழிசை பஸ் முழுக்க அதே நினைப்பு. நான் அங்கே பார்ப்பதும் இதே மாதிரி வேலைதான். பாட்டில் மூடியை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் தேடுவது. ஒன்பது வருஷம். என் கண்ணில் தப்புவது கஷ்டம் என்று சூப்பர்வைசரே சொல்வார்.

மழைத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகிறது. கேஸ் மிச்சம்.

நவம்பர் 23, ஞாயிறு

தேவகி மீன் வாங்கி வந்தாள். கறுப்பு கவரில். படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன்.

"மீனுக்கு இன்னாக்கா பண்றது, துணிப்பையிலயா வாங்கினு வர முடியும்?"

"தூக்குவாளி எதுக்கு இருக்கு?"

அதிலிருந்து ஆரம்பித்து, சாக்கடை அடைப்பு, மாடு கவர் தின்பது, போன மாசம் அவள் வாங்கிய பேப்பர் கப் வரைக்கும் போய்விட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். மீனில் ஈ.

பாஸ்கர்: "அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை திருப்பிப் பேசல, கவனிச்சியா? உன் சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேக்குது."

கேட்கட்டும். யாராவது சொல்லத்தானே வேண்டும்.

டிசம்பர் 1, திங்கள்

மூன்று நாளாக அடைமழை. துணி எல்லாம் ஹாலில் கொடி கட்டி. ஈர வாடை. காலையில் குளிர், இரண்டு போர்வை.

ஜனனிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். தேவகி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டாள். அவள் புருஷன் முருகன் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், அவரும் மதியத்தோடு திரும்பிவிட்டார். கிளினிக்கில் மழைக் காய்ச்சலாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ரசம் வைத்துக் கொடுத்தேன்.

ஆரஞ்சுத் தோலில் பூஞ்சை. கொட்டினேன்.

டிசம்பர் 3, புதன். கார்த்திகை விளக்கு

எழுதியே ஆக வேண்டும்.

ஆறு மணிக்குத் தூறல் நின்றது. மாடிக் கைப்பிடிச் சுவரில் அகல் வைக்கப் போனேன். முன்பக்கம் முடித்துப் பின்பக்கம். அந்தப் பக்கம் நான் போவதே இல்லை. தேவகி வீட்டுத் துணிக்கொடி அங்கே. இரண்டாவது டிரம்முக்கும் மூன்றாவதற்கும் நடுவில் பேனர் தொய்ந்து ஒரு பள்ளம். அண்டா கொள்ளும் அளவு தண்ணீர் நின்றது. விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தேன். காற்று இல்லை, தண்ணீர் மட்டும் அசைகிறது.

புழு. ஒன்றிரண்டு இல்லை. தலைகீழாகத் தொங்கி, நெளிந்து, நிழல் பட்டதும் கீழே போய்.

அடியில் ஜனனியின் முகம். கன்னம்.

டிரம்முக்குள் ஒரு மாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பார்க்கவில்லை. பேனரில் துணி மாதிரி தண்ணீர் இறங்காது என்று யோசிக்கவே இல்லை. டார்ச் கொண்டுவந்த பெண்ணுக்கு ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டியதும் நான்.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். பேனரைச் சுருட்டினேன். மூன்று டிரம்மையும் கவிழ்த்தேன். பாஸ்கர் மேலே வந்துவிட்டார். பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாதே. எங்கேருந்து வந்த கொசுவோ, யாருக்குத் தெரியும்?"

நாங்கள் வலைக்குள் தூங்குகிறோம். அவர்கள் வீட்டில் வலை இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

டெங்கு. ரத்தப் பரிசோதனையில் வந்துவிட்டது. ஜனனியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நான் பெர்மிஷன் சொல்லிவிட்டு நேராக அங்கே போனேன். அவள் கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. வாந்தி. வயிற்றுவலி என்று முனகுகிறாள்.

நர்ஸ் தேவகியிடம்: "ஈறுல ரத்தம் வந்தா உடனே கூப்பிடணும். தூங்கிட்டாலும் எழுப்பிப் பாருங்க."

தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

டிசம்பர் 6, சனி

ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. காலையை விட மாலையில் கம்மி. ரத்தம் ஏற்ற வேண்டி வரலாமாம். முருகன் வராந்தாவில் போன் மேல் போன், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களுக்கு, ஆள் தயாராக இருக்கட்டும் என்று.

கஞ்சி, இளநீர் கொண்டுபோனேன். ஜனனி இரண்டு மடக்கு குடித்தாள். "ஆன்ட்டி, தொண்ட கசக்குது." ஈறைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பவும் பார்த்தேன்.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா, "யாருக்கும்மா?" என்றார். "எங்க கீழ் வீட்டுக் குழந்தைக்கு" என்றேன். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை, வழியில் போகிறவரிடம் பாதி சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

நான் செய்தது:

காலை பதினோரு மணி. எங்கள் ஆறு வீட்டுக்கும் செக்ரட்டரி ராமநாதன் சார் கதவைத் தட்டினார். கையில் ஒரு மனு. சுகாதாரக் கேடாக இருக்கும் பஞ்சர் கடையை அகற்றக் கோரி. டயரில் தண்ணீர் தேங்கிக் கொசு உற்பத்தியாகி, குடியிருப்பில் ஒரு சிறுமி உயிருக்குப் போராடுகிறாள் என்று எழுதியிருந்தது.

"அஞ்சு பேர் போட்டாச்சும்மா. முருகன் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக் கொடுத்துட்டார். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

பேனா அவரே நீட்டினார். பாஸ்கர் என் பின்னால் நின்றார். போட்டேன்.

என் கையெழுத்தை இவ்வளவு அருவருப்பாக நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 8, திங்கள்

இன்று தட்டணு எண்ணிக்கை இறங்கவில்லை. அதே இடத்தில் நிற்கிறது. வாந்தி இல்லை. இட்லி கேட்டாளாம்.

கம்பெனியில் விரிசல் விட்ட மூடி ஒரு பெட்டி முழுக்க என்னைத் தாண்டிப் போய்விட்டது. சூப்பர்வைசர் திட்டவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்றார். திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஏறுகிறது! காலையிலும் மாலையிலும் ஏற்றம். நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகப் போனது. போகட்டும்.

வெளியே வந்தால் மதிலோரம் ஒரு கார்ப்பரேஷன் லாரி. ஏழுமலையின் டயர்களை எல்லாம் ஏற்றுகிறார்கள். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இத பாரு சார், எல்லாத்துலயும் ஓட்ட போட்டு வச்சிகீறேன். மழை பேஞ்சா நேரா கீழ ஊத்திரும். ஒரு சொட்டு நிக்காது சார்!"

யாரும் குனிந்து பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். அவர் டயருக்கு ஓட்டை போடுவதை வாசலில் இருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 11, வியாழன்

ஜனனி வீட்டுக்கு வந்துவிட்டாள். இளைத்துவிட்டாள், கண் மட்டும் பெரிதாக. ஆரத்தி எடுத்தார்கள். தேவகி எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டு, "கூடப் பொறந்தவ கூட இப்டி ஓடி வந்திருக்க மாட்டா" என்றாள்.

மாலையில் சைக்கிள் காற்று இறங்கியிருந்தது. வேறு கடைக்கு உருட்டிப் போயிருப்பேன். ஏழுமலையே கூப்பிட்டார். மரத்தடியில் பம்பு, ஒரு பெட்டி, அவ்வளவுதான் மிச்சம். இடத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம், மனுவைக் காட்டி. பதினேழு வருஷமாக அங்கே இருக்கிறார்.

காற்று அடித்துக்கொண்டே கேட்டார்.

"யக்கா, அந்த பேப்பர்ல நீயுமா கையெழுத்து போட்ட?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"செரி வுடு. புள்ளைக்கு ஒடம்பு நல்லா ஆச்சே, அது போதும்."

டிசம்பர் 12, வெள்ளி

பாஸ்கரோடு சண்டை. இரண்டு பேரும் குரலை அடக்கிக்கொண்டு, கீழே கேட்கக் கூடாதே என்று.

"குழந்தை பொழச்சிடுச்சு. இப்போ போய்ச் சொல்லி என்ன ஆகப் போகுது?"

"அவர் கடை?"

"அவர் வேற இடம் பார்த்துப்பார். நாம இங்கதான் இருக்கணும். தினமும் அவங்க மூஞ்சில முழிக்கணும்."

அவர் சொல்வது தப்பு என்று சொல்ல முடியவில்லை. எனக்கும் அதே பயம்தான். தேவகி முகம் எப்படி மாறும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மதில் பக்கம் பார்க்காமல் எத்தனை நாள் வெளியே போய் வருவேன்?

டிசம்பர் 13, சனி

பனி. எதிர் வீடு தெரியவில்லை. ஏழு மணிக்கே ராமநாதன் சார் வீடு. சொன்னேன். பேனர், பள்ளம், புழு, கொதிதண்ணீர், எல்லாம். மனுவில் என் பெயரை எடுக்கச் சொன்னேன். இடத்துக்காரரிடம் நானே பேசுகிறேன் என்றேன்.

"எதுக்கும்மா இதைப் பெரிசு பண்றீங்க? முடிஞ்ச கதை."

"ஏழுமலைக்கு முடியல சார், நாளைக்குத்தான் கெடு."

அவர் காபி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நாலு வரி. அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தேவகி பார்ப்பதற்கு முன்னால் நேரில் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் அவளே மேலே வந்துகொண்டிருந்தாள், கையில் போன். படித்துவிட்டாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியுங்கா."

"என்ன தெரியும்?"

"துணி காயப் போட வந்தப்போ பாத்தேன். போன மாசம், அந்த மீனு வாங்கினு வந்த மறுநாள். என் புள்ள மூஞ்சி மேல தண்ணி நின்னுகினு இருந்துச்சு. புழுவும் பாத்தேன். ஆஸ்பத்திரில ஒவ்வொரு தபா ஊசி போடறப்பயும் அதான் கண்ணுல வந்துச்சு. அன்னிக்கே ஒரு தள்ளு தள்ளிவுட்டு வந்திருக்கலாம். உன் டிரம்முல கை வச்சேன்னு இன்னா சொல்லுவியோன்னு வந்துட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி. ஒரு வார்த்தை."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"உன்கிட்ட யாராலக்கா சொல்ல முடியும்?"