சன்னாசிக்கு, செல்வியின் காதுகுத்தைப் பற்றி

என் அன்புச் சன்னாசி,

நேற்றும் விழப் பார்த்தேனடா. தேக்காக் கோயிலில், நாலு வயது முடிந்த நம் செல்விக்குக் காது குத்தினோம். தட்டார் ஊசியை எடுத்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூணைக் கட்டிப் பிடித்து, சாமி கும்பிடுவதுபோல் நடித்துவிட்டேன். புக்கிட் தீமா ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் ஓட்டுகிறவன், ஓர் ஊசிக்கு முன்னால் இவ்வளவுதான்.

நீ இருந்திருந்தால் சிரித்தே மானத்தை வாங்கியிருப்பாய். உனக்கு அந்த உரிமை உண்டு. அன்று ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கப் போய், கையில் பஞ்சு வைத்துத் துடைத்த உடனேயே நான் தரையில் கிடந்தேன். அடுத்த கட்டிலில் படுத்தபடி நீதான் நர்சிடம் சொன்னாய்: "மிஸ்ஸி, எங்கண்ணன் தூங்குறாரு, எழுப்பாதீங்க. எங்கிட்ட எடுத்துக்குங்க."

பிறந்து சில நாளிலேயே செல்வி உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, பால் குடிக்காமல் கிடந்தாள். மஞ்சள் மூளைக்கு ஏறினால் பிழைப்பது கஷ்டம், பிழைத்தாலும் காது கேட்காமல் போகலாம் என்றார் டாக்டர். ஒரே வழி, தொப்புள் வழியாக அவள் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுத்துவிட்டு, அதே அளவு வேறு ரத்தம் ஏற்றுவது. சேரும் ரத்தம் கையிருப்பில் இல்லை, உறவுக்காரர்களைக் கூட்டிவாருங்கள் என்றார்.

அந்த மஞ்சள் எப்படி வந்தது? பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணி உடுத்துவது நம் வழக்கம். என் மைத்துனன் ராஜகோபால் வீட்டிலிருந்து, அவன் மகன் போட்ட சட்டைகள் பெட்டியோடு வந்தன. பெட்டி முழுக்க அந்துருண்டை வாசம். சில பிள்ளைகளின் ரத்தம் அதைத் தாங்காமல் உடைந்துபோகும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். அதற்கு அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். நம்மில் யாருக்குத் தெரியும்?

ஆனால் ரத்தம் கேட்டபோது? கப்பல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் அந்த மகராசன், "எனக்கு உடம்பு தாங்காது அத்தான்" என்று நழுவிவிட்டான். எனக்கு எந்த உறவும் இல்லாத நீ, தெருக்கூட்டிவிட்டு வந்த கையோடு, ஒன்றும் கேட்காமல் சட்டைக்கையை மடித்தாய். பிள்ளை பிழைத்தபின் அவன் வந்து என் காதில் ஓதினான்: "போயும் போயும் அந்த ஆளோட ரத்தமா? வெளிய சொல்லிடாதீங்க அத்தான். நாளைக்குப் பொண்ணு கேட்டு ஒருத்தன் வரமாட்டான்."

அவன் உடம்பில் ஓடுவது என்ன, சன்னாசி? ஓடத்தான் செய்கிறதா?

நேற்று அதே ராஜகோபால் பட்டுவேட்டியும் சீர்த்தட்டுமாக முதல் ஆளாய் வந்தான். "தாய்மாமன் மடி இருக்கும்போது பிள்ளைக்கு என்ன பயம்?" என்று ஊர் கேட்கச் சொல்லி, செல்வியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஊசி இறங்கியது. காதில் ஒரு சொட்டு ரத்தம். அவன் அவசரமாக வேட்டியை ஒதுக்கினான். பட்டில் கறை படுமாம்.

போன மழைக்காலத்தில் நீ போனபோது உன் பாடையைத் தொடக்கூட வராத கை அது. வாயைத் திறந்தேன். விசேஷ நாள், வேண்டாம் என்று என் மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி கேட்கிறாள்: "ஏம்ப்பா தூணைக் கட்டிப் பிடிச்சே? உனக்கா குத்துனாங்க?" அப்படியே உன் கிண்டல். ரத்தத்தோடு அதுவும் வருமா? டாக்டரைக் கேட்டால் சிரிப்பார். நான் கேட்கப்போவதில்லை.

ஒன்று மட்டும் உறுதி. அவளுக்கு விவரம் தெரிகிற வயதில், பெண் கேட்டு எவன் வந்தாலும் வராவிட்டாலும், யார் ரத்தத்தால் பிழைத்தாள் என்று என் வாயாலேயே சொல்லுவேன். அப்போது மயங்கி விழமாட்டேன்.

கோயிலில் தொண்டைவரை வந்து நின்றது இதுதான்: "எழுந்திரு ராஜகோபால். அந்த இடம் சன்னாசியுடையது."

சாகும்வரை என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டாய். இனி அந்த முறை வேண்டாம்.

உன் அத்தான்,
வேலாயுதம்